பன்னிரண்டே கால் அடி

சன்னலை ஒன்றரை அங்குலம் உயர்த்தச் சொன்னார் திம்மராயன்.
உள்ளே உட்கார்ந்து வருகிறவர்கள்
வெளியே பார்க்கக் குனிகிறார்களாம்.
"குனிஞ்சா அழுகை கூடுது, நாகோஜி."

பள்ளிக்கூட வேனாக ஓடியது அது.
வெள்ளை அடித்த பிறகும்
கதவு இடுக்கில் இன்னும் மஞ்சள்.
இப்போது சொர்க்க ரதம்.

தகரம் வெட்டுவது வெல்டர் பாடு.
கண்ணாடி ஓசூரில் அறுத்து வந்துவிட்டது.
ரப்பர் மட்டும் பழைய கணக்கில் நின்றது:
ஜே.சி. ரோட்டுச் சுருளில் மிச்சம் பன்னிரண்டு அடி.
உயரத்தில் ஒன்றரை கூடினால்
சுற்றில் மூன்று கூடும்.
தகரம் வெட்டும்போது யாரும் இதை நினைப்பதில்லை.

துண்டுப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
லாரி, ஜீப், கதிர் அறுக்கும் வண்டி,
எல்லாவற்றிலும் மிஞ்சிய வால்கள்.
உதடு பொருந்தினால் பள்ளம் பொருந்தவில்லை.
கடைசியில் மாங்கூழ் ஆலை வேன் ஒன்றின் மிச்சம்.
அகலம் சரி, கனம் சரி,
கறுப்பு மட்டும் ஒரு சாயல் பழையது.

புது பிளேடு. சோப்புத் தண்ணீரில் ஒரு முக்கு.
ஒரே இழுப்பு.
ரம்பம் போல முன்னும் பின்னும் போனால்
வெட்டுமுகம் பல்லிளிக்கும், பசை ஏறாது.
மூன்று அங்குலம் போதும் என்றது டேப்.
இரண்டு நூல் கூட விட்டேன்.
இழுத்து ஒட்டிய ரப்பர்
முதல் வெயிலிலேயே தன் நீளத்துக்குத் திரும்பிவிடும்.
நெருக்கி ஒட்டியது, போக இடமில்லாமல்
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடக்கும்.
இருபத்திரண்டு வருடத்தில்
அடித்துச் சொல்லக்கூடியதென்று எனக்கு இது ஒன்றுதான்.

மூலையில் ஒட்டு கூடாது, வளைவு பிரித்துவிடும்.
கீழேயும் கூடாது, தண்ணீர் உட்காரும்.
மேலே, நடுவில்,
நான்கு விரல் தள்ளித் தள்ளி இரண்டு ஒட்டு.
பசை ஒரு சொட்டு, அழுத்திப் பிடித்து அறுபது எண்ண வேண்டும்.
ஃபயாஸ் உருதுவில் எண்ணினான்.
நாற்பதுக்கு மேல் அவனுக்குத் தடுமாறும்,
மிச்சத்தைத் தமிழில் முடித்தான்.
என் கட்டைவிரல் தோல் கொஞ்சம் அங்கேயே தங்கிவிட்டது.

பள்ளத்தில் கயிறு சுற்றி
நான் உள்ளிருந்து இழுக்க,
அவன் வெளியே உள்ளங்கையால் தட்ட,
உதடு விரல் விரலாகத் தகரத்தைக் கவ்வியது.
ஒட்டு வந்தபோது மூச்சை நிறுத்தினேன்.
கவ்வியது.

தண்ணீர் பீய்ச்சிப் பார்க்காமல் வண்டியை விடுவதில்லை.
உதட்டின் அடிப்பக்கம் கசிகிறதா என்று
படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.
படுக்க அந்த வண்டியில் ஒரே இடம்.

ஃபயாஸ் குழாயோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.
திம்மராயன், செருப்பை மட்டும் கழற்றிடு என்றார்.

ஸ்டீல் தட்டு சில்லென்றது.
என் முதுகுக்கு அளவெடுத்தது போல இருந்தது,
யாரிடமும் சொல்லவில்லை.
கதவைச் சாத்தினார்கள்.
கண்ணாடியில் தண்ணீர் இறங்க
சையத் பாஷா மலை கரைந்தது, நின்றது, கரைந்தது.
ராயக்கோட்டை ரோட்டில்
லாரிகளின் தார்ப்பாய் முகடுகள் மட்டும் போயின.
பன்னிரண்டே கால் அடியும் காய்ந்திருந்தது.
எழுந்திருக்கலாம்.
இன்னும் கொஞ்ச நேரம் என்று கையசைத்தேன்.
அவர்கள் அதை
இன்னும் கொஞ்சம் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் நெற்றியில் ஒரு சொட்டு.
ரப்பர் இல்லை. கூரை விளக்கின் திருகாணி.

"விடு, படுக்கறவங்க யாரு குறை சொல்லப் போறாங்க."

"பக்கத்துல உக்கார்றவங்க?"

"அவங்க எப்படியும் நனைஞ்சுதான் வருவாங்க."

மாங்கூழ் வேன் மிச்சத்தில்
வட்டமாக ஒரு துண்டு வெட்டித் திருகாணிக்கு அடியில் கொடுத்தேன்.
பில்லில் எழுதினேன்:
வாஷர் ஒன்று, ஐந்து ரூபாய்.
எல்லாவற்றுக்கும் பேரம் பேசினார் திம்மராயன்,
அந்த வரியைத் தவிர.